அடைப்புக்குறிக்குள் ஒரு கித்தார்

ஃபனானைப் படித்தவர்கள் நம்மில் கணிசம். படிக்காமலே மேற்கோள் காட்டுகிறவர்கள் அதைவிடக் கணிசம். 1961இல் வெளிவந்த அவரது கடைசி நூலில் தேசியக் கலாச்சாரம் குறித்து ஓர் அத்தியாயம் உண்டு. காலனியம் சிதைத்துப் போட்ட ஒரு மக்கள்கூட்டத்தின் கலாச்சாரம் பழம்பெருமையைத் தோண்டியெடுப்பதில் இல்லை, விடுதலைப் போராட்டமே அதன் கலாச்சாரம் என்று வாதிடுகிற அத்தியாயம். 'மக்கள் கலை' பற்றித் தமிழில் பேசிய பலரும் ஏதோ ஒரு வகையில் இதற்குக் கடன்பட்டவர்கள்தான். இந்த அத்தியாயத்தில் இரண்டு கினியாக்காரர்கள் வருகிறார்கள். ஒருவர் செகூ தூரே, விடுதலை பெற்ற கினியாவின் முதல் குடியரசுத் தலைவர். 1959இல் ரோமில் கூடிய கறுப்பு எழுத்தாளர்கள், கலைஞர்கள் மாநாட்டுக்கு அவர் அளித்த உரையின் ஒரு துண்டை ஃபனான் அத்தியாயத்தின் தலைவாசலில் வைக்கிறார். அது புரட்சிப் பாடலைப் பற்றியது. இன்னொருவர் கெய்தா ஃபொதேபா. கவிஞர், நடன இயக்குநர், பிற்பாடு அதே கினியாவின் உள்துறை அமைச்சர். ஆப்பிரிக்க விடியல் பற்றிய அவருடைய நெடுங்கவிதையை ஃபனான் பக்கக்கணக்கில் எடுத்துப் போடுகிறார். நமான் என்கிற கிராமத்து இளைஞன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு அனுப்பப்படுகிறான். ஐரோப்பியப் போரில் தப்பியவன் டாக்கருக்குப் பக்கத்தில் தியாரோயில், வெள்ளை அதிகாரிகளோடு வந்த தகராறில் குண்டடிபட்டுச் சாகிறான். 1944 டிசம்பரில், சேரவேண்டிய சம்பளத்தைக் கேட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களைப் பிரெஞ்சு ராணுவம் சுட்டுக் கொன்ற இடம் அது.

அந்தக் கவிதையின் நடுநடுவே அடைப்புக்குறிக்குள் சில குறிப்புகள் வரும். இந்த இடத்தில் கித்தார், இந்த இடத்தில் கோரா, இந்த இடத்தில் பலஃபோன். நமான் ஊரைவிட்டுப் போகும்போதும் அவனுடைய சாவுச் செய்தி வரும்போதும் ஏதோ ஒரு வாத்தியம் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வாசிக்கிறவர் யாரும் அங்கே நிற்பதில்லை. நாடகப் பிரதியில் 'விளக்கு அணைகிறது' என்று வருவதைத் தாண்டிப் போகிற மாதிரி கண் தாண்டிப் போய்விடும். ஃபனானின் வாதத்துக்கு அந்த அடைப்புக்குறிகள் வெறும் தொங்கல்கள் அல்ல. ஆனால் அச்சில் அவை அப்படித்தான் ஆகிவிடுகின்றன. யாராவது இந்தக் கவிதையை முழுசாகத் தமிழில் போடுவதாக இருந்தால் தயவுசெய்து அடைப்புக்குறிகளோடு போடுங்கள்.

நமக்கு ஆப்பிரிக்கா என்பது அச்சு வழியாக வந்த கண்டம். இந்திரன் 1982இல் கொண்டுவந்த மொழிபெயர்ப்புத் தொகுப்பின் தலைப்பே 'அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்'. வானம் வந்தது, சரி. சத்தம் வரவில்லை. கறுப்புக் கவிதை, நீக்ரிட்யூட், காலனிய எதிர்ப்பு நாவல் என்று சிறுபத்திரிகைகள் கொண்டுவந்து இறக்கியதெல்லாம் எழுத்து. வாய்மொழி மரபு பற்றி மணிக்கணக்கில் பேசிய கருத்தரங்குகளில்கூட ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டதாக நினைவில்லை. கேட்பதற்கு வழியும் இல்லை. அந்த இசைத்தட்டுகள் இங்கே எங்கே கிடைக்கும்? இப்போது கையிலிருக்கும் செல்போனில் கிடைக்கின்றன. இது வந்து சேர்ந்த விதத்தையும், வந்து சேர்ந்தபின் நாம் கேட்கிற விதத்தையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

ஃபனான் குறிப்பிடும் அந்த இருவரின் கினியாவிலிருந்தே தொடங்கலாம். அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்க பிரிட்டிஷ் நூலகம் ஒரு திட்டம் நடத்துகிறது. அதன் கீழ் கிரேம் கவுன்சல் என்னும் ஆஸ்திரேலிய இசை ஆய்வாளர் 2008 தொடங்கிச் சில தவணைகளாகத் தலைநகர் கொனாக்ரிக்குப் போய், கினியா வானொலி தொலைக்காட்சி நிலையத்தில் கிடந்த ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரீல்கள், 9,410 பாடல்கள். 1985இல் நடந்த கவிழ்ப்பு முயற்சியின்போது வானொலி நிலையம் தாக்கப்பட்டதில் எல்லாமே போச்சு என்றுதான் பலர் நம்பியிருந்தார்கள். போனது போக மிஞ்சியதே இவ்வளவு. வேலை நடந்துகொண்டிருந்த ஆண்டுகளும் அமைதியானவை அல்ல. 2008 டிசம்பரில் ஒரு ராணுவக் கவிழ்ப்பு. 2009 செப்டம்பர் 28 அன்று கொனாக்ரி விளையாட்டரங்கில் கூடியிருந்த எதிர்க்கட்சியினர்மீது ராணுவம் பாய்ந்ததில் 150க்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள் அல்லது காணாமல் போனார்கள். அந்த அரங்கின் பெயரே 'செப்டம்பர் 28'. 1958இல் அதே தேதியில்தான் டி காலின் பிரெஞ்சுச் சமூகத்தில் சேரமாட்டோம் என்று கினியா வாக்களித்தது. பிரெஞ்சு ஆப்பிரிக்கக் காலனிகளில் 'முடியாது' என்று சொன்ன ஒரே நாடு.

இந்த ஆவணத் தொகுப்பை மற்ற ஆப்பிரிக்க இசைச் சேகரிப்புகளோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டக்கூடாது. இணையத்தில் கிடைக்கும் ஆப்பிரிக்க இசையின் பெரும்பகுதி வெளியிலிருந்து வந்த சேகரிப்பாளர் பதிவு செய்தது. ஹ்யூ ட்ரேஸி என்ற ஆங்கிலேயர் பல பத்தாண்டுகள் தென், மத்திய, கிழக்கு ஆப்பிரிக்காவெங்கும் கருவிகளோடு அலைந்து 1954இல் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்க இசை நூலகம் ஒன்றை நிறுவினார். மாபெரும் உழைப்பு, சந்தேகமில்லை. ஊரைவிட்டு வந்தேறிய கித்தாரைப் புறக்கணித்தவர் என்று அவர்மேல் ஒரேயடியாகக் குற்றம் சாட்டவும் முடியாது. காங்கோவின் ம்வெண்டா ஜான் போஸ்கோவின் கித்தாரை 1952இல் பதிவு செய்தவரே அவர்தான். ஆனால் எதைப் பதிவு செய்வது, பாட்டுக்கு என்ன பெயரிடுவது, அட்டையில் என்ன விளக்கம் எழுதுவது என்ற முடிவெல்லாம் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவர் கையில். கென்யாவின் கிப்சிகிஸ் பெண்பிள்ளைகள் 1950இல் பாடிய 'செமிரோச்சா' பாட்டை இன்று உலகம் அவர் எழுதிய குறிப்பின் வழியாகத்தான் அறிகிறது. கிராமபோனில் கேட்ட ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகனின் பெயர் அந்தப் பிள்ளைகளின் வாயில் அப்படித் திரிந்து, அவன் பாதி மனிதன் பாதி மானாகவும் ஆகிவிட்டானாம். அழகான கதை. அழகாக இருப்பதாலேயே மறுகேள்வி கேட்க யாரும் முன்வராத கதை.

கொனாக்ரி நாடாக்கள் வேறு ரகம். ஓர் ஆப்பிரிக்க அரசு, தன் வானொலிக்காக, தன் கலைஞர்களை, தன் ஒலிக்கூடத்தில் பதிவு செய்தது. நாடாக்களைக் கணினிக்கு மாற்றியவர் வெளியாள், கேட்கக் கொடுத்தது லண்டன். பதிவு மட்டும் அவர்களுடையது. ஆகவே காலனியச் சேகரிப்பின் மீது நாம் வழக்கமாக வைக்கும் விமர்சனத்தை இங்கே எடுத்து ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. இங்கே அதிகாரத்தின் முகம் கறுப்பு. அதுவும் நாம் கொண்டாடிய முகம்.

*

1958 அக்டோபர் 2இல் சுதந்திரம். பிரெஞ்சுக்காரர்கள் கோபத்தோடு கிளம்பினார்கள். தொலைபேசிகளைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று சொல்வார்கள். கஜானா காலி. அந்த நிலைமையிலும் புதிய அரசு முதலில் செய்த காரியங்களில் ஒன்று, பிரெஞ்சு நடன மெட்டுகளை வாசித்துக்கொண்டிருந்த இசைக்குழுக்களைக் கலைத்ததுதான். நல்ல வாத்தியக்காரர்களைத் திரட்டி ஒரு தேசிய இசைக்குழு. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட மாவட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் இசைக்குழு, ஒரு பாரம்பரிய வாத்தியக் குழு, நடனக் குழு, நாடகக் குழு. கருவிகளை அரசே வாங்கிக் கொடுத்தது. மாவட்டங்களுக்கிடையே போட்டி விழாக்கள். ஜெயித்து மேலே வருகிற சில குழுக்களுக்குத் 'தேசியக் குழு' அந்தஸ்து, மாதச் சம்பளம். அரசே நடத்திய இசைத்தட்டு நிறுவனத்துக்குச் சிலிஃபோன் என்று பெயர். 'சிலி' என்றால் யானை. ஆளும் கட்சியின் சின்னம். வானொலியின் பெயர் 'புரட்சியின் குரல்'.

அல்தூஸரைப் படித்தவர்கள் உடனே 'கருத்தியல் அரசு எந்திரம்' என்று முத்திரை குத்திவிட்டு எழுந்து போய்விடலாம். முத்திரை தப்பும் இல்லை. ஆனால் எந்திரம் என்று பெயர் வைத்துவிட்டதாலேயே அதற்குள்ளிருந்து வந்த சத்தத்தை விளக்கிவிட்டதாக ஆகுமா? பேலா என்ற கடைக்கோடி ஊரில் 1961இல் தொடங்கிய ஒரு மாவட்டக் குழு, ஐந்தே வருஷத்தில் 'பெம்பெயா ஜாஸ் நேஷனல்' ஆயிற்று. அதன் கித்தார்க்காரர் செகூ ஜபாத்தே, தலைமுறை தலைமுறையாகப் பாடி வாசிக்கும் ஜெலி சாதியில் பிறந்தவர். பலஃபோனில் இரண்டு கைகள் தனித்தனியாக ஓட்டும் கோலங்களை மின்சாரக் கித்தாரின் ஆறு கம்பிகளில் கொண்டுவந்து இறக்குகிறார். அடியில் ஓடுகிற தாளம் கியூபாவிலிருந்து வந்தது. அதாவது, அடிமைக் கப்பலேறிப் போன தாளம், கிராமபோன் தட்டில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது. 'சுத்தமான ஆப்பிரிக்கத் தன்மை' என்று அரசு அறிக்கைகள் முழங்கிய அதே வருஷங்களில், அரசின் சம்பளத்தில், அரசின் வானொலியில், சுத்தம் என்ற கருத்தையே சிரிப்பாய்ச் சிரிக்க வைக்கிற இசை இது. எந்தக் கலாச்சார அமைச்சரும் இப்படி ஓர் உத்தரவு போட்டிருக்க முடியாது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு காட்சியையும் பக்கத்தில் வைக்க வேண்டும். கினியாவின் தென்கிழக்குக் காட்டுப் பகுதியில் லோமா, க்பெலே முதலான மக்களின் முகமூடிச் சடங்குகளையும் தீட்சைக் குழுக்களையும் 'மூடநம்பிக்கை ஒழிப்பு' என்ற பெயரில் இதே அரசு அடித்து நொறுக்கியது. பெண்கள் பார்க்கவே கூடாத முகமூடிகளைப் பெண்கள் முன்னால் இழுத்துப்போட்டு அம்பலப்படுத்தினார்கள், கொளுத்தினார்கள். பிறகு அதே முகமூடிகள் தேசிய நடனக் குழுவின் மேடையில் 'கலை'யாக ஆடின. ஊரில் இருந்தால் மூடத்தனம், மேடையில் இருந்தால் பாரம்பரியம். நம்மூர்ப் பகுத்தறிவுத் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தால் நல்லது. எரித்தது நியாயமா என்ற பட்டிமன்றத்துக்காகச் சொல்லவில்லை. எரிக்கிற கையும் சட்டம் போட்டு மாட்டுகிற கையும் ஒன்றாக இருக்கும்போது 'தேசியக் கலாச்சாரம்' என்பது என்னவாகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

*

பெம்பெயா ஜாஸின் 'கடந்ததை நோக்கி ஒரு பார்வை' 1969இல் வெளிவந்தது. இசைத்தட்டின் இரண்டு பக்கமும் ஒரே ஆக்கம். பிரெஞ்சில் ஒரு குரல் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு போக, இடையிடையே மனின்கா மொழியில் பாட்டு எழுகிறது. பாடுகிறவர் அபுபக்கர் தெம்பா கமரா. 1973இல் டாக்கரில் கார் விபத்தில் இறந்துபோனவர். கதைநாயகன் சமோரி தூரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிரெஞ்சுப் படைகளை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றவர். 1898 செப்டம்பரில் பிடிபட்டு, காபோனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1900இல் அங்கேயே இறந்தவர். குடியரசுத் தலைவர் செகூ தூரே தன்னை அவருடைய கொள்ளுப்பேரன் என்று சொல்லிக்கொண்டார். 1898 செப்டம்பரில் சமோரி பிடிபட்டார், 1958 செப்டம்பரில் கினியா 'முடியாது' என்றது. சரியாக அறுபது வருஷம். இந்தக் கணக்கில்தான் ஆக்கம் போய் முடிகிறது. கொள்ளுத்தாத்தாவின் தோல்வியைக் கொள்ளுப்பேரன் தீர்த்துவிட்டான்.

கதையாடலாக எடுத்துக்கொண்டால் இதைக் கட்டுடைப்பது சுலபம். சமோரி கைதிகளை அடிமைகளாக விற்றுக் குதிரையும் துப்பாக்கியும் வாங்கியது இதில் இல்லை. 1897இல் கோங் என்ற பழைய கல்வி நகரத்தை அவருடைய படை அழித்தது இல்லை. அவர் படை போன வழியில் இருந்த ஊர்களின் ஞாபகம் இல்லை. ஒரு வம்சக் கதை, ஒரு தேசக் கதையின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. இவ்வளவும் உண்மை. இவ்வளவையும் தெரிந்துகொண்டு கேட்டாலும், பிரெஞ்சுக் குரல் ஓய்ந்து தெம்பா கமராவின் குரல் எழும் இடங்களில் உடம்பு வேறு மாதிரி ஆகிறது. பிரெஞ்சில் சொல்லப்படுவது அரசாங்கக் குறிப்பேடு. மனின்காவில் பாடப்படுவது ஓர் இழவு. ஒரே தட்டில் இரண்டு மொழிகள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. முதலாவதின் கட்டளைக்கு இரண்டாவது முழுசாக அடங்கிவிடவில்லை என்பதுதான் எனக்குப் படுகிறது. ஃபனான் எதிர்பார்த்த தேசியக் கலாச்சாரம் எங்கேயாவது இருந்ததென்றால் இந்த இடைவெளியில்தான் இருந்திருக்கும். அரசு அறிவித்த இடத்தில் அல்ல.

இந்த ஆக்கம் 1969 ஜூலையில் அல்ஜியர்ஸில் நடந்த ஆப்பிரிக்கக் கலாச்சார விழாவில் நிகழ்த்தப்பட்டது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதம், கெய்தா ஃபொதேபா கொனாக்ரியின் பொய்ரோ முகாமில் கொல்லப்பட்டார். சதி செய்தார் என்பது குற்றச்சாட்டு. 'ஆப்பிரிக்க பாலே' என்று உலகமெங்கும் புகழ்பெற்ற நடனக் குழுவை ஆரம்பித்தவர் அவர். கினியாவின் மேடைக் கலைக்கெல்லாம் அதுதான் முன்மாதிரி. அமைச்சராகப் பாதுகாப்புத் துறைகளைக் கையில் வைத்திருந்தவரும் அவர்தான். ஆகவே, எந்திரத்தின் பல்சக்கரத்தில் சிக்கிய வெறும் அப்பாவிக் கவிஞர் என்றும் அவரை எழுதிவிட முடியாது. பொய்ரோவில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டார்கள். பலர் துப்பாக்கிக்குக்கூடத் தேவையில்லாமல் சோறும் தண்ணீரும் மறுக்கப்பட்டே செத்தார்கள். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளராக இருந்த ஜாலோ தெல்லி 1977இல் அப்படித்தான் செத்தார். பொய்ரோவில் மாண்டவர்களின் பெயர்களும் சாட்சியங்களும் இணையத்தில் தனியாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன.

ஆக, இணையத்தில் கினியா பற்றி இரண்டு பட்டியல்கள். ஒன்று பாடல்களுடையது, இன்னொன்று பிணங்களுடையது. இரண்டும் ஒரே வருஷங்களைச் சேர்ந்தவை, சில இடங்களில் ஒரே மனிதர்களையும் சேர்ந்தவை. ஆனால் ஒன்றைத் தேடுகிறவருக்கு மற்றது தட்டுப்படாது. பாட்டு கேட்கப் போகிறவரைத் தேடுபெட்டி அடுத்த பாட்டுக்கு அழைத்துக்கொண்டு போகும், அதற்கடுத்த பாட்டுக்கு, அப்படியே மாலிக்கு, செனகலுக்கு. 'அபூர்வப் பொக்கிஷம்', 'மறைந்த பொற்காலம்' என்று மறுவெளியீட்டு அட்டைகள் கூவும். பொற்காலம் என்ற சொல்லை இங்கே நாம் எவ்வளவு பாடுபட்டு உடைத்தோம்! அது ஆப்பிரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு ஹெட்போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. மொழி தெரியாத பாட்டை 'வெறும் இசை'யாகக் கேட்கிற சுகம் இருக்கிறதே, அது இந்தக் காரியத்துக்கு ரொம்ப வசதி. ராணுவத்தைப் புகழும் பாட்டைத் தாலாட்டு மாதிரிக் கேட்டுக்கொண்டு தூங்கிப் போகலாம்.

ராணுவத்தைப் புகழும் பாட்டு என்றதும் 'கினியா ராணுவம்' ஞாபகம் வருகிறது. அதுவும் பெம்பெயா ஜாஸ்தான். தலைப்பே போதும், முகம் சுளிக்க. கேட்டால், அவர்களின் ஆகச் சிறந்த பாடல்களில் ஒன்று. ஜபாத்தேயின் கித்தார் அவசரமே இல்லாமல், யாரையும் அணிவகுக்கச் சொல்லாமல், ஒரு மெட்டை அவிழ்த்துக்கொண்டே போகிறது. அணிவகுப்புப் பாட்டுக்கு வேண்டிய விறைப்பு அதில் துளியும் இல்லை. நண்பர் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். "கட்சிப் பாட்டுதானே தோழர், இதுல என்ன இருக்கு"ன்னு கேட்டார். முழுசாகக் கேட்டு முடித்தபின் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் சுருதி சேர்வதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டார்.

புகழ்ச்சி என்பது ஜெலிகளுக்குத் தொழில். அரசனின் குலத்தைப் பாடுவது, யுத்தத்தைப் பாடுவது, பரிசில் பெறுவது. அரசன் இருந்த இடத்தில் கட்சி வந்து உட்கார்ந்ததும் கட்சியைப் பாடினார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இங்கே பாணரும் பாடாண் திணையும் கையைப் பிடித்து இழுக்கும். அது எங்கள் துறைக்காரர்களின் வியாதி. பாணர் மரபு நமக்கு ஏட்டில் மிஞ்சியது. ஜெலி இன்றைக்கும் கல்யாண வீட்டில் வந்து நிற்கிறார், பெயர் சொல்லிப் பாடுகிறார், காசு வாங்குகிறார். உயிரோடிருப்பவரை ஏட்டுக்குள் இழுத்துப் போட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. ஜெலியின் புகழ்ச்சியில் புகழப்படுகிறவனுக்கு ஒரு கடன் ஏறுகிறது. உன் பாட்டன் இப்படி இருந்தான் என்பதற்குள் நீ எப்படி இருக்கிறாய் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒற்றைக் கட்சி ஆட்சி இந்த இரண்டாவது பாதியைத்தான் வெட்டியது. தூரே ஆட்சிக் கால நாடாக்களில் ஆட்சியை நேராக விமர்சிக்கும் பாட்டு எனக்குத் தட்டுப்படவில்லை. கட்சியைப் பற்றி, தலைவரைப் பற்றி, விவசாயத்தைப் பற்றி, ஏகாதிபத்தியத்தைப் பற்றிப் பாட்டு மேல் பாட்டு. கேள்வி போன பிறகும் குரலில் கேள்வியின் சாயல் மிஞ்சியிருக்கிறதா என்பதைத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது.

பட்டியலையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். சிலிஃபோன் வெளியிட்ட தட்டுகளில் மனின்கா மொழியின் கை ஓங்கியிருக்கிறது. நாட்டின் மிகப்பெரிய இனக்குழுக்களில் ஒன்றான ஃபுலானிகளின் புலார் மொழிப் பாடல்கள் சொற்பம். தலைவர் மனின்கா இனம். 1976இல் 'ஃபுலானிச் சதி' என்று பகிரங்கமாகவே குற்றம் சாட்டி ஒரு வேட்டை நடந்தது. ஜாலோ தெல்லி செத்தது அந்த வேட்டையில். தட்டாக வெளிவந்ததற்கும் நாடாவில் பதிவாகி அலமாரியில் கிடந்ததற்கும் உள்ள வித்தியாசம் வெறும் தொழில்நுட்ப வித்தியாசமல்ல. வானொலி நாடாக்களில் புலார்க் குரல்கள் கிடைக்கின்றன. அந்த வகையில் இந்த 9,410 பாடல்களின் முக்கியத்துவம், புகழ்பெற்ற பெம்பெயாவை இன்னும் நாலு பாட்டு கூடுதலாகக் கேட்கலாம் என்பதில் இல்லை. எதைத் தட்டாக்கவில்லை என்பதைக் கேட்கலாம் என்பதில் இருக்கிறது.

பெண்கள்? 1961இல் காவல்படைப் பெண்களைக் கொண்டே ஓர் இசைக்குழு அமைத்தார்கள். 'கினியாவின் அமேசான்கள்'. கித்தார், சாக்ஸபோன், டிரம்ஸ் என்று எல்லாவற்றையும் பெண்களே வாசித்தார்கள், சீருடைச் சம்பளத்தில். ஜெலி மரபில் பெண்கள் பாடுவார்கள். கோராவும் பலஃபோனும் ஆண்களின் கையில். அந்தத் தடையை உடைத்தது ஒரு சர்வாதிகார அரசின் காவல்துறை என்றால் நாம் எந்தப் பக்கம் கைதட்டுவது? எனக்கு இதில் சங்கடமில்லை. கைதட்டு வாத்தியக்காரிகளுக்கு. அவர்களின் பாஸ் கித்தார் ஒலியைச் செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், சுத்தமாகக் காணாமல் போய்விடும். ஒரு நல்ல ஹெட்போனை இரவல் வாங்கியாவது கேளுங்கள்.

தூரே 1984 மார்ச்சில் இறந்தார். ஒரே வாரத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சிலிஃபோன் மூடப்பட்டது, இசைக்குழுக்களுக்கு அரசு ஆதரவு நின்றது. கைதிகள் வெளியே வந்தார்கள், வாத்தியக்காரர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டியிருக்கிறது. தாராளமயம் வந்த இடத்தில் இசை தானாகச் செழிக்கும் என்று நம்புகிறவர்களுக்கும், அரசு ஊட்டினால்தான் மக்கள் கலை வாழும் என்று நம்புகிறவர்களுக்கும் இந்த வாக்கியம் பிடிக்காது.

கடைசியாக, லண்டன் விஷயம். மூல நாடாக்கள் கொனாக்ரியில். உலகம் கேட்கிற பிரதி பிரிட்டிஷ் நூலகத்தின் கணினியில். 2023 அக்டோபரில் அந்த நூலகத்தின் கணினிகளைப் பணயம் கேட்கும் கும்பலொன்று தாக்கியது. பட்டியல் முதற்கொண்டு ஏகப்பட்ட இணைய சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. ஒலிப்பதிவுகளைக் கேட்கக் கொடுத்த தளமும் போயிற்று. குண்டுவீச்சுக்கும் ஈரத்துக்கும் தப்பிய பாடல்கள், வேறு யாரோ யாரையோ மிரட்டிக் காசு கேட்டதில் ஊமையாகிவிட்டன. அதற்கு முன் இறக்கி வைத்திருந்த சில பாடல்களும், நோட்டில் கையால் எழுதி வைத்திருந்த தலைப்புகள் கொஞ்சமும்தான் என்னிடம் மிச்சம். குழுவின் பெயர், பாட்டின் பெயர், வருஷம் என்று மூன்று பத்தி போட்ட நோட்டு. பாட்டின் பொருள் என்று நான்காவதாக ஒரு பத்தி போட்டிருந்தேன். அது இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மனின்காவும் பிரெஞ்சும் தெரிந்த தோழர்கள் யாராவது இதைப் படித்தால், 'கினியா ராணுவ'த்திலிருந்து தொடங்கலாம்.